யோசெமிட்டியின் குதிரைப் பாதைகள்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது யோசெமிட்டி தேசியப் பூங்கா. அதற்குள் சுமார் 1,200 கி.மீ. நீளத்துக்குக் காட்டுப் பாதைகள் ஓடுகின்றன. இன்று அவற்றில் போகிறவர்களில் பெரும்பாலோர் முதுகில் பை சுமந்த நடைபயணிகள். ஆனால் அந்தப் பாதைகளில் பலவும் மனிதக் காலுக்கு அளந்து போட்டவை அல்ல. இருபுறமும் பெட்டி தொங்கும் கோவேறு கழுதை ஒன்று பாறையில் உரசாமல் நுழைந்து போக வேண்டும், அதுவே அகலம். சுமையோடு ஏறும் விலங்குக்கு இளைப்பு கண்டுவிடக் கூடாது, அதுவே சாய்வு. நேரே ஏறினால் சீக்கிரம் முடிந்துவிடும் சரிவில் பாதை மடங்கி மடங்கி ஏறுவதும், வழுக்குப் பாறைகளின்மேல் கருங்கல் பாவியிருப்பதும் குளம்புக்காகச் செய்த ஏற்பாடுகள். பூங்காவின் வரலாற்றை அதன் பாதைகளில் படிக்க வேண்டுமானால் குதிரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குதிரைக்கு முன்பும் அங்கே வழிகள் இருந்தன. பள்ளத்தாக்கில் வாழ்ந்த அவானிச்சி மக்கள் கருவாலிக்கொட்டையைச் சுமந்து மலைமுகட்டைத் தாண்டி, கிழக்கே மோனோ ஏரிப் பக்கத்து மக்களிடம் கொடுத்து, உப்பும் கத்தி செய்ய உதவும் எரிமலைக் கண்ணாடிக் கல்லும் வாங்கி வந்தார்கள். மோனோ கணவாய் வழியாகப் போகும் அந்தத் தடம் பல தலைமுறைகளின் காலடியில் உருவானது. 1848இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் மலையடிவாரம் சுரங்கக்காரர்களால் நிறைந்தது. மோதல்கள் மூண்டன. 1851இல் மரிபோசா படையணி என்ற தன்னார்வப் படை, அவானிச்சி மக்களைப் பிடித்துக் கீழே கொண்டுபோவதற்காகக் குதிரைகளில் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. அவர்களுடைய குடியிருப்புகளும் சேமித்து வைத்திருந்த உணவும் எரிக்கப்பட்டன. யோசெமிட்டியை வெளியுலகுக்கு அறிமுகம் செய்த குதிரைச் சவாரி அதுதான். பின்னால் வந்த உல்லாசச் சவாரிகளைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

நான்கே ஆண்டுகளில் அதே வழியில் வேறு விதமான ஆட்கள் வந்தார்கள். 1855 கோடையில் ஜேம்ஸ் ஹட்சிங்ஸ் என்ற பத்திரிகைக்காரர், தாமஸ் ஏயர்ஸ் என்ற ஓவியரையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு, பூர்வகுடி வழிகாட்டிகளின் துணையோடு பள்ளத்தாக்கைப் பார்க்கப் போனார். ஏயர்ஸ் வரைந்த படங்கள்தான் யோசெமிட்டியைக் காகிதத்தில் காட்டிய முதல் படங்கள். மறு ஆண்டே, 1856இல், மான் சகோதரர்கள் மரிபோசாவிலிருந்து பள்ளத்தாக்கு வரை குதிரைத் தடம் ஒன்றை வெட்டி முடித்துச் சுங்கம் வசூலிக்கத் தொடங்கினார்கள். அடுத்த 18 ஆண்டுகளுக்கு உள்ளே போக வேண்டுமானால் சேணத்தில் ஏறவேண்டும், இல்லையென்றால் நடக்கவேண்டும். வண்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. நகரத்து ஆட்களுக்கு இது சாதாரணப் பயணம் அல்ல. நாள் முழுக்கச் சேணத்தில் இருந்து பழகாதவர்கள் இறங்கும்போது கால் தரையில் நிற்காது. அக்காலத்துப் பெண்கள் ஒருபக்கமாகக் கால் தொங்கவிட்டு உட்காரும் சேணத்தில் போவதுதான் மரியாதை என்று கருதப்பட்டது. செங்குத்தான மலைத்தடத்தில் அந்த உட்காருகை விலங்கின் முதுகையும் புண்ணாக்கும், ஏறியவரையும் சாய்க்கும். அதனால் நகரத்தில் செய்யத் துணியாததை யோசெமிட்டியில் செய்த பெண்கள் பலர். இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்து போனார்கள். 1855 முதல் 1864 வரையிலான காலத்தில் பள்ளத்தாக்குக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் மொத்தமே சுமார் 650 பேர்தான்.

1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவில், அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் பள்ளத்தாக்கையும் மரிபோசா பெருமரச் சோலையையும் பொதுமக்களின் பயன்பாட்டுக்காகக் கலிஃபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தது. காக்கச் சொன்ன சட்டம் பாதை போடப் பணம் கொடுக்கவில்லை. அந்த வேலையைத் தனியார் பிடித்துக்கொண்டார்கள். ஜேம்ஸ் மெக்காலி என்பவர் பள்ளத்தாக்கின் தரையிலிருந்து கிளேசியர் பாயிண்ட் முகட்டுக்குத் தடம் வெட்ட ஜான் கான்வேயை அமர்த்தினார். 1872இல் முடிந்த அந்தத் தடம் 3,000 அடிக்கும் மேல் ஏறுகிறது. அன்று ஏறியவர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் சுங்கம் கட்டவேண்டியிருந்தது. நான்கு மைல் பாதை என்ற அதன் பெயர் இன்றும் மாறவில்லை. நீளம்தான் திருத்தி அமைத்ததில் கொஞ்சம் கூடிவிட்டது.

கான்வேயின் பெரிய வேலை அதற்கு அடுத்தது. 1873இல் தொடங்கி நான்கு ஆண்டுகள், யோசெமிட்டி அருவியின் தலைக்கு ஏறும் தடத்தைச் செங்குத்துப் பாறைச் சுவரை ஒட்டி வெட்டினார். கீழேயிருந்து பார்த்தால் அங்கே ஒரு ஆடு நிற்கவும் இடம் இருக்கும் என்று தோன்றாது. பாறையின் விலாவில் பிளவு எங்கே இருக்கிறது, மண் எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே உலர்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் குதிரை போகும் தடத்தைக் கொண்டுபோனார். சுண்ணாம்பும் சாந்தும் இல்லாமல் கல்லோடு கல்லைப் பூட்டிக் கட்டும் முறை அது. தடத்தில் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். கான்வேயின் வேலையோ காலடியில் இருக்கிறது. சுங்கத் தடங்களை மாநிலம் 1880களில் விலைகொடுத்து வாங்கியது. அதற்குள் 1874இலும் 1875இலும் மூன்று வண்டிச் சாலைகள் பள்ளத்தாக்கை எட்டிவிட்டன. உள்ளே வருவதற்குக் குதிரை வேண்டாம் என்றாகிவிட்டாலும், வந்தபின் முகடுகளுக்கு ஏற அதுவே வழி. லாயக்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் வேலை கூடியதே தவிரக் குறையவில்லை.

பள்ளத்தாக்குக்கு வெளியே, உயர்ந்த மலைப்புல்வெளிகளில், வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. கோடையில் ஆட்டு மந்தைகள் அங்கே ஏறிப் புல்லை வேரோடு மேய்ந்தன. 1869இல் அப்படி ஒரு மந்தையோடு டுவாலமி புல்வெளிக்குப் போன ஜான் மியூர் என்ற இயற்கையியலாளர், பிற்பாடு அந்த மந்தைகளுக்கு எதிராகவே எழுதினார். 1890 அக்டோபர் 1 அன்று பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைகள் தேசியப் பூங்காவாயின. காவல் காக்கத் தனித் துறை எதுவும் அப்போது கிடையாது. வேலை ராணுவத்தின் தலையில் விழுந்தது. 1891இல் நான்காம் குதிரைப்படையோடு கேப்டன் ஏப்ரம் உட் வந்து வவோனாவில் முகாம் போட்டார். அதிலிருந்து 1914 வரை, ஸ்பெயினோடு போர் நடந்த 1898ஆம் ஆண்டு நீங்கலாக, ஒவ்வொரு கோடையிலும் குதிரைப்படைக் காவல்தான்.

படைக்கு ஒரு சங்கடம் இருந்தது. அத்துமீறி மேய்ப்பவனைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை, வெளியேற்றலாம், அவ்வளவுதான். வீரர்கள் அந்த ஓட்டைச் சட்டத்தையே கருவியாக்கினார்கள். மேய்ப்பனைக் குதிரைக் காவலோடு பூங்காவின் ஒரு கோடிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஆடுகளை எதிர்க் கோடிக்கு ஓட்டிப்போய் எல்லைக்கு வெளியே அவிழ்த்துவிட்டார்கள். நடுவில் நாலைந்து நாள் மலைப் பயணம். மேய்ப்பன் சுற்றிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மந்தை சிதறிப்போயிருக்கும். கரடிக்கும் கோயோட்டுக்கும் இரையானது போக மீதிதான் கையில் கிடைக்கும். அபராதத்தைவிடக் கடுமையான பாடம் அது. சில ஆண்டுகளில் ஆடுகள் குறைந்தன.

இந்தக் காவலுக்காக வீரர்கள் மலையெங்கும் வழி கண்டுபிடித்தார்கள். பூர்வகுடிகளின் தடங்களையும் மேய்ப்பர்களின் தடங்களையும் இணைத்து, விழுந்த மரங்களை அறுத்து, பனி மூடினாலும் வழி தெரியும்படி மரப்பட்டையில் பெரிய ‘டி’ எழுத்தைச் செதுக்கிக்கொண்டே போனார்கள். மரம் வளர வளரச் செதுக்கிய ஓரம் தடித்து உள்வாங்கும். பழைய மரங்களில் அந்த எழுத்து ஆறிய புண்ணைப் போல இன்னமும் தெரிகிறது. லெஃப்டினன்ட் மெக்லூர் ரோந்து போய்க்கொண்டே வரைந்த வரைபடம் 1890களில் மலைக்குள் போகிறவர்களுக்கு வழித்துணையானது. மெக்லூர், பென்சன், ஸ்மெட்பர்க், ஃபோர்சித் என்று ஏரிகளுக்கும் கணவாய்களுக்கும் உள்ள பெயர்கள் அந்த ராணுவ அதிகாரிகளுடையவை. ஒரு தவறும் அவர்கள் காலத்தில் வேர் பிடித்தது. மீனே இல்லாத உயர்மலை ஏரிகளில் தூண்டில்காரர்களுக்காக ட்ரவுட் மீன்குஞ்சுகளைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். மலைத் தவளைகளின் தலைப்பிரட்டைகளை அந்த மீன்கள் தின்று தீர்த்தன. அந்தத் தவளைகளைத் திரும்பக் கொண்டுவரும் வேலை இன்றும் நடக்கிறது.

1899, 1903, 1904 ஆண்டுகளில் காவலுக்கு வந்தவர்கள் கறுப்பின வீரர்கள். எருமை வீரர்கள் என்று பெயர் பெற்ற படைப்பிரிவினர். சான் ஃபிரான்சிஸ்கோவின் பிரசிடியோ முகாமிலிருந்து ஒன்பதாம் குதிரைப்படை மலைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு வாரம் சேணத்திலேயே இருக்கவேண்டும். 1903இல் தெற்கே இருக்கும் செக்கோயா தேசியப் பூங்காவின் பொறுப்பு கேப்டன் சார்லஸ் யங்கிடம் வந்தது. அடிமைப் பெற்றோருக்கு 1864இல் பிறந்து, 1889இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய மூன்றாவது கறுப்பினத்தவர் அவர். அமெரிக்க தேசியப் பூங்கா ஒன்றை நிர்வகித்த முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். பெருமரக் காட்டுக்குப் போகும் வண்டிச் சாலை ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரே கோடையில் முடித்துக் காட்டினார். நாட்டின் பல இடங்களில் கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கண்டால் தெருவில் ஒதுங்கவேண்டியிருந்த காலம் அது. மலைப்பாதையில் வெள்ளை மேய்ப்பனை நிறுத்தித் துப்பாக்கியைக் கேட்டு வாங்கும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. இப்படியொரு வரலாறு பல பத்தாண்டுகள் பேசப்படாமலே கிடந்தது. அந்த வீரர்களை 1899இல் எடுத்த ஒரு புகைப்படம் யோசெமிட்டி நூலகத்தில் ஷெல்டன் ஜான்சன் என்ற வனக்காவலர் கண்ணில் பட்ட பிறகுதான் அதைப் பூங்காவுக்கு வருகிறவர்களிடம் எடுத்துச் சொல்ல ஆள் கிடைத்தது. பூங்காக் காவலர்களின் தட்டை விளிம்புத் தொப்பியும் அந்தக் குதிரைப்படை வீரர்கள் அணிந்த நாற்புறமும் அழுத்திய தொப்பியின் வாரிசுதான்.

அதே 1903 மே மாதம் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் யோசெமிட்டிக்கு வந்தார். ஏற்பாடு செய்த விருந்துகளை விட்டுவிட்டு ஜான் மியூருடன் குதிரையேறிக் காட்டுக்குள் போய்விட்டார். துணைக்கு வந்தவர்களில் வனக்காவலர்கள் சார்லஸ் லீடிக்கும் ஆர்ச்சி லெனார்டும் இருந்தார்கள். மூன்று இரவு வெட்டவெளியில் தூக்கம். இரண்டாம் இரவு கிளேசியர் பாயிண்ட் பக்கத்தில் பனி பெய்து போர்வையை மூடியது. அந்தச் சவாரியின்போது மியூர் வற்புறுத்திச் சொன்னது, மாநிலத்தின் கையிலிருக்கும் பள்ளத்தாக்கையும் நாட்டின் பூங்காவோடு சேர்க்கவேண்டும் என்பது. 1906இல் அது நடந்தது.

மலைப்பாதையில் பேசி அரசாங்கத்தை அசைக்கலாம் என்று நன்றாகப் புரிந்துகொண்டவர் ஸ்டீபன் மாதர். 1915 ஜூலையில் காங்கிரஸ் உறுப்பினர், பத்திரிகை ஆசிரியர், அறிஞர் என்று செல்வாக்குள்ளவர்களைப் பொறுக்கியெடுத்து, சேணக் குதிரைகளிலும் பொதி விலங்குகளிலும் ஏற்றி, செக்கோயா காட்டிலிருந்து சியராவின் குறுக்கே கூட்டிப் போனார். தேசியப் பூங்காக்களுக்குத் தனித் துறை வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்தப் பயணத்தில் அத்தனை பேர் மனத்தையும் கட்டிப்போட்டவர் சமையல்காரர் டை சிங் என்ற சீனர். அரசின் நிலவியல் அளவைக் குழுவில் பல ஆண்டுகள் மலைச் சமையல் செய்து பழகியவர். காலையில் பிசைந்த புளித்த மாவைக் கோவேறு கழுதையின் உடம்போடு ஒட்டினாற்போல் கட்டிவிடுவார். நாள் முழுக்க விலங்கின் சூட்டில் மாவு பொங்கியிருக்கும்; மாலை முகாமில் சுடச்சுட ரொட்டி. மலை நடுவில் வெள்ளைத் துணி விரித்துப் பரிமாறினார். அடுத்த ஆண்டு, 1916 ஆகஸ்ட் 25 அன்று, தேசியப் பூங்காத் துறை பிறந்தது. மாதர் அதன் முதல் இயக்குநரானார். யோசெமிட்டியின் தென்கோடியில் ஒரு சிகரத்துக்குச் சிங் என்று பெயர். அது இந்தச் சமையல்காரரின் பெயர்தான்.

பொதி கட்டுவது தனிக் கலை. ஸ்பானியரும் மெக்சிகோ நாட்டுப் பொதிக்காரர்களும் கொண்டுவந்த வித்தை அது. கோவேறு கழுதை, ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது. குதிரையைவிடக் குறைந்த தீனியில் காலம் தள்ளும். குளம்பு சிறியது, கெட்டியானது. கால் வைக்குமுன் பார்த்து வைக்கும். ஒன்றுக்குச் சுமார் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ சுமை. இருபுறப் பெட்டிகளையும் தராசில் தொங்கவிட்டு எடை சரிபார்த்த பிறகே ஏற்றுவார்கள். கொஞ்சம் ஏறுமாறாக இருந்தால்கூடச் சேணம் ஒருபக்கம் நழுவி, விலா எலும்பின் மேல் தோல் உரிந்துவிடும். முதலில் கம்பளி மெத்தை, அதன்மேல் குறுக்குக் கட்டைச் சேணம், பிறகு பெட்டிகள், மேலே கூடாரத்துணி, கடைசியில் கயிறு. கயிறு முதுகின் நடுவில் வைரக்கல் வடிவில் விரியும்படி இழுத்துக் கட்டுவதால் அதற்கு வைரக்கட்டு என்று பெயர். வயிற்று வாரை இறுக்கும்போது விலங்கு மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பவைத்துக்கொள்ளும். அனுபவசாலி சற்று நடக்கவிட்டு, மூச்சு விட்டபின் இன்னொரு முறை இறுக்குவார். ஒன்றின் பின் ஒன்றாகப் பிணைக்கும்போது நடுவில் இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய கயிறு ஒன்றைச் சேர்ப்பார்கள். ஒன்று பள்ளத்தில் விழுந்தாலும் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக. பழைய நாட்களில் பிணைப்பதும் இல்லை. கழுத்தில் மணி கட்டிய பெண் குதிரை ஒன்று முன்னால் போனால் போதும். கோவேறு கழுதைகள் அதைவிட்டு அகலாமல் பின்தொடரும். இரவில் மேயவிட்டால், விடிகாலை இருட்டில் அந்த மணியோசையைத் தேடிப்போய்க் கூட்டத்தையே ஓட்டிவருவார்கள்.

1913இல் மோட்டார் வண்டிகளுக்குப் பள்ளத்தாக்கில் அனுமதி கிடைத்ததும் லாயங்களின் செல்வாக்கு தரையில் சரிந்து, மலையில் நிலைத்தது. 1901 முதல் சியரா சங்கம் ஒவ்வொரு கோடையும் பெருங்கூட்டமாக உயர்மலைப் பயணம் நடத்தியது. உறுப்பினர்கள் நடந்தார்கள், மூட்டைகள் விலங்குகளின்மேல் வந்தன. 1916இல் தொடங்கிய உயர் சியரா முகாம்கள், நடந்தோ சேணத்திலோ ஒரு நாளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போய்ச் சேரும் தூரத்தில் அமைந்தன. கிளென் ஆலின், மே ஏரி, சன்ரைஸ், மெர்சட் ஏரி, வோகல்சாங் என்ற ஐந்தும் சேர்ந்து ஒரு வளையம். எதற்கும் சாலை கிடையாது. மாவும் எண்ணெயும் படுக்கை விரிப்பும் கோவேறு கழுதையில்தான் ஏறும். யோசெமிட்டியிலிருந்து விட்னி சிகரம் வரை சுமார் 340 கி.மீ. நீளும் ஜான் மியூர் பாதைக்கு 1915இல் மாநிலம் 10,000 டாலர் ஒதுக்கியது. அது 1938இல் முடிந்தது.

வினை இங்கேதான் தொடங்கியது. ஈரமான மலைப்புல்வெளியில் நூறு விலங்குகள் ஓர் இரவு மேய்ந்தால் குளம்பு பட்ட இடமெல்லாம் குழியாகும். குழிகள் வாய்க்காலாகி நீரை வடித்துவிட, புல்வெளி காய்ந்து மரக்கன்றுகள் முளைக்கும். ஆடுகளை விரட்டக் கொண்டுவந்த குதிரை, ஆடு செய்ததைத் தானே செய்துகொண்டிருந்தது. 1930களிலேயே லோவெல் சம்னர் என்ற பூங்காத் துறை உயிரியலாளர் செக்கோயா, கிங்ஸ் கேன்யன் புல்வெளிகளைப் பார்த்து எச்சரித்தார். சாணம், களைவிதை, பெயர்ந்த பாதை என்று புகார்கள் வளர்ந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அலுமினியச் சட்டப் பையும் நைலான் கூடாரமும் வந்து, விலங்கு இல்லாமலே வாரக்கணக்கில் மலையில் தங்க முடிந்ததும், குதிரைக்காரருக்கும் நடைபயணிக்கும் இடையே மனக்கசப்பு முற்றியது. அது நீதிமன்றம் வரை போனது. செக்கோயாவில் பொதி நிலையங்களின் உரிமம் வழக்கில் சிக்கியபோது 2012இல் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டு அதை மீட்டது.

இந்தச் சண்டையில் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது எளிது. மினாரெட் கணவாய் வழியாகச் சியராவைக் குறுக்குவெட்டாகப் பிளக்கும் நெடுஞ்சாலைத் திட்டம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்க உழைத்தவர்களில் முக்கியமானவர் நார்மன் லிவர்மோர். பொதி நிலையம் நடத்தியவர். அப்போது மாநிலத்தின் இயற்கை வளச் செயலர். 1972இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் குதிரைக் கூட்டத்தோடு அந்த மலைக்குள் சவாரி செய்து, சாலை வராது என்று அறிவித்தார். ஜான் மியூர் பாதை அறுபடாமல் தப்பியது அப்படித்தான். புல்வெளியை மிதித்தவர்களும் மலையைக் காத்தவர்களும் ஒரே ஆட்கள்.

1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் குதிரையின் இடத்தை வேறு விதமாக உறுதிசெய்தது. காப்பு வனத்தில் மோட்டாரும் இயந்திரப் போக்குவரத்தும் கூடாது, மிதிவண்டிக்கும் தடை. யோசெமிட்டியில் சுமார் 95 விழுக்காடு நிலம் 1984இல் இந்தக் காப்புக்குள் வந்தது. அங்கே மரம் விழுந்தால் இருவர் இழுக்கும் ரம்பம். சுமைக்குக் கோவேறு கழுதை. சவாரிக்கு வருகிறவர்களுக்கும் வரம்புகள் உண்டு: ஒரு குழுவுக்கு 25 விலங்குகளுக்கு மேல் கூடாது, களைவிதை இல்லாத தீனிதான் கொண்டுவரவேண்டும், பாதையை விட்டுக் கால் மைலுக்கு மேல் விலகக் கூடாது. பள்ளத்தாக்கில் காசு வாங்கி ஏற்றிய நாள் சவாரிகளை 2014இன் மெர்சட் ஆற்றுத் திட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது.

பனி உருகியதும் பாதைப் பணியாளர்கள் மலைக்குள் போய் முகாம் போடுகிறார்கள். கம்பியும் சம்மட்டியும் அரிசியும் உருளைக்கிழங்கும் கோவேறு கழுதை வரிசையில் அவர்களைத் தேடி வருகின்றன. வழியில் நடைபயணிகள் ஓரமாக ஒதுங்கி, பேச்சை நிறுத்தி, கடைசி விலங்கு கடந்து போகும் வரை நிற்கிறார்கள். இறக்கிய சுமைக்குப் பதில் குப்பை மூட்டைகளை ஏற்றி, பொதிக்காரர் வயிற்று வாரை இரண்டாம் முறை இறுக்கிக்கொண்டு அதே வளைவுகளில் கீழே இறங்குகிறார்.